காய்ச்சல் விட்டபின் சீனக் கோழி சூப்: எப்போது கொடுப்பது, எப்படிக் காய்ச்சுவது?

வாணி, ஈப்போ

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு இந்த வாரம்தான் வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் இல்லை. ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) ஏறிவருகின்றன என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஆள் துவண்டு போய்விட்டார். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி, "கோழி சூப் காய்ச்சிக் கொடு, தேறிவிடுவார்" என்றார். சீன மருந்துக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கிறேன்: சுருக்கம் விழுந்த நீளக் குச்சிகள், ஐஸ்கிரீம் குச்சி போலத் தட்டையாக மஞ்சள் சீவல்கள், சிவப்புப் பேரீச்சை (காய்ந்த சீன இலந்தை), கோஜி என்கிற சின்னச் சிவப்புப் பழம், வெள்ளை வெள்ளையாக ஏதோ கிழங்குச் சீவல். அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒன்று. அதன் வாசம் காகிதத்தைத் தாண்டி வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிடலாமா? எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்? முக்கியமாக, இப்போதே கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வம், குவாங்சோ

வாணி, நான் சித்தியவான்காரன். வேலைக்கு வந்த இடத்திலேயே கல்யாணமாகிச் சீனாவின் குவாங்சோவில் தங்கிவிட்டேன். மாமியாருக்குச் சொந்த ஊர் ஷுன்தே. அந்தப் பக்கத்து வீடுகளில் சூப் இல்லாமல் சாப்பாட்டு மேசை கிடையாது.

முதல் வேலை: வாசம் தூக்கலாக வரும் அந்தப் பழுப்புச் சீவலை எடுத்துத் தனியாக வையுங்கள். அது தோங் குவாய். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அதிகம் போடுவார்கள். ரத்தத்தை ஊட்டுவதோடு ஓடவும் வைக்கும் மூலிகை என்றுதான் சீன வைத்தியத்திலேயே அதைச் சொல்கிறார்கள். தட்டுகள் குறைந்து இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது வேண்டாம். நீங்கள் டெங்கி என்று சொல்லாமல் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லியிருந்தால் கடைக்காரருக்கு இது தெரிய வழியில்லை.

மீதியெல்லாம் சாதுவானவை. நீளக் குச்சி தோங் சம். ஜின்செங் வாங்க முடியாத வீட்டில் அதற்குப் பதிலாகப் போடுவது, குணமும் மென்மை. மஞ்சள் சீவல் பாக் கேய். வெள்ளைச் சீவல் வாய் சான், ஒரு வகைக் காய்ந்த வள்ளிக்கிழங்கு, வயிற்றுக்கு இதமானது.

இரண்டாவது: கோழி இன்றைக்கு வேண்டாம். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஆட்கள் சீன சூப் என்றதும் என்னென்ன மூலிகை என்று கேட்பார்கள். இங்கே உள்ள பெரியவர்கள் முதலில் கேட்பது, "காய்ச்சல் விட்டு எத்தனை நாள் ஆச்சு? பசிக்கிறதா? நாக்கைக் காட்டு" என்பதுதான். நாக்கில் மாவு படிந்ததுபோல் தடிப்பாக இருந்தால் மூலிகை சூப்புக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

இது வீட்டு நம்பிக்கை மட்டுமில்லை. சீன வைத்தியத்தின் ஆதி நூலான ஹுவாங்தி நெய்ஜிங் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழசு. அதில் காய்ச்சலைப் பற்றிய அத்தியாயத்தில், காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் இறைச்சி தின்றால் நோய் திரும்பும், அளவுக்கு மீறித் தின்றால் நோயின் மிச்சம் உள்ளேயே தங்கும் என்று இருக்கிறது. திருடன் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தாதே என்றும் இங்கே சொல்வார்கள். சளியோ காய்ச்சலோ இருக்கும்போது சத்து மூலிகை கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அதனால் முதலில் கஞ்சி. அரிசி ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பங்கு. அரிசி உடைந்து கரைந்து, தண்ணீர் வேறு சோறு வேறு என்று பிரிக்க முடியாத பதம் வரும்வரை. கொஞ்சம் உப்பு, இரண்டு இழை இஞ்சி, அவ்வளவுதான். தானாகவே "பசிக்குது" என்று கேட்க ஆரம்பித்த பிறகு கஞ்சியில் மெல்லிய மீன் துண்டு. அதுவும் ஒத்துக்கொண்டால் சூப். கோழிச் செய்முறையை இரவு எழுதுகிறேன், மாமியாரிடம் அளவைச் சரிபார்த்துவிட்டு.

பாலா, சிரம்பான்

சூப்பில் என்ன இருக்கிறது? தண்ணீர், உப்பு, கொஞ்சம் கொழுப்பு. புரதமெல்லாம் கறியிலேயே நின்றுவிடுகிறது. கறியைத் தூக்கிப் போட்டுவிட்டு சாறை மட்டும் நோயாளிக்குக் கொடுப்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு முட்டையை அவித்துக் கொடுத்தால் இதைவிட நல்லது.

தாதி மலர்

பாலா சொல்வதில் புரதம் பற்றிய பகுதி சரிதான், கறியைச் சாப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் டெங்கியிலிருந்து எழுந்தவருக்கு முட்டை உள்ளே இறங்க வேண்டுமே. பசியே இல்லாத ஆளுக்குச் சூடாக, உப்பாக, மணமாக ஒரு கிண்ணம் கிடைத்தால் தண்ணீரும் உப்பும் போகிறது, வாயும் திறக்கிறது. அதை நான் வார்டில் கண்ணால் பார்க்கிறேன்.

வாணி, நான் தாதி என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். டெங்கியில் காய்ச்சல் இறங்கிய உடனே வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். உங்கள் வீட்டுக்காரர் அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். இருந்தாலும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், மயக்கம் இதில் எது வந்தாலும் சூப்பை மறந்துவிட்டு நேராக மருத்துவமனை.

டெங்கி கல்லீரலையும் தொட்டுவிட்டுத்தான் போகும். ஆகவே சூப்பில் அரிசி மது ஊற்றுகிற வழக்கம் இருக்கிறதே, அது இப்போது கூடாது. "உடம்பு தேற" என்று புட்டியில் விற்கிற சாறு, மாத்திரை எதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். உடம்பு வலி என்றால் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தோங் குவாயைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவு வரும். கோஜியும் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் இருக்கின்றன. ஜின்செங் நேர்மாறாக அதன் வேலையைக் குறைக்கலாம். அதிமதுரம் சேர்த்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மணிக்கணக்கில் காய்ச்சிய சூப்பே ஒத்துவராது, காய்கறி, கறியிலிருந்து பொட்டாசியமெல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கும். கவுட் என்ற மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்கும் அதே கதை, அங்கே யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரின். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

செல்வம், குவாங்சோ

மலர் சொன்னதை அப்படியே அச்சடித்து ஒட்டிவைக்கலாம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். நாலு பேருக்கு:

ஒரு கோழி, ஒரு கிலோ அளவில். பண்ணைக் கோழியைவிட கம்போங் கோழி (நாட்டுக்கோழி) நல்லது. கருங்கோழி கிடைத்தால் இங்கே அதைத்தான் விரும்புவார்கள். சதையும் எலும்பும் கறுப்பாக இருக்கும், கொழுப்பு குறைவு. தோங் சம் 20 கிராம், பாக் கேய் 15 கிராம், வாய் சான் 25 கிராம், சிவப்புப் பேரீச்சை 6, கோஜி ஒரு மேசைக்கரண்டி, இஞ்சி 3 வில்லை, தண்ணீர் இரண்டு லிட்டரும் ஒரு கிண்ணமும். கடைக்காரர் சியென் என்ற சீன எடைக் கணக்கில் நிறுத்திருப்பார். மலேசியாவில் ஒரு சியென் ஏறக்குறைய 3.75 கிராம். சீனாவில் இப்போது அதை 3 கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் சீனச் செய்முறை பார்த்துச் சமைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயிலிருந்து எழுந்தவருக்கு என்றால் கோழியின் தோலை முழுக்க உரித்துவிடுங்கள். வால் பக்கத்துக் கொழுப்பு, உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பு எல்லாம் போகட்டும். பாக்கியான துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மேல்சதை சட்டென்று இறுகி உள்ளே இருக்கிற ரத்தம் வெளியே வராது. தண்ணீர் சூடேறும்போதே ஓரங்களில் சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அது கொதித்துத் திரண்டதும் இறக்கி, துண்டுகளை வெந்நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். எலும்பு இடுக்கில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கட்டியை விரலால் தேய்த்து எடுக்க வேண்டும். என் மாமியார் இந்த இடத்தில் யாரையும் அவசரப்பட விடமாட்டார். சூப் தெளிவாக வருவதும் கவிச்சி இல்லாமல் இருப்பதும் இங்கேதான் முடிவாகிறது.

மூலிகைகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஓர் அலசு அலசி, கால் மணி நேரம் ஊறவையுங்கள். பேரீச்சையைப் பிளந்து கொட்டையை நீக்குங்கள், கொட்டை சூடு என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. கோஜி தவிர எல்லாம் கோழியோடு பானைக்குள். மண்பானை இருந்தால் நல்லது, கனமான எவர்சில்வர் பாத்திரமும் போதும். அலுமினியம், இரும்பு வேண்டாம்.

பெருந்தீயில் கொதி வந்ததும் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு தீயைக் குறைத்துவிடுங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மெதுவாகக் குமிழி வரவேண்டும். இரண்டு மணி நேரம். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தில் கோஜி. உப்பு இறக்கிய பிறகுதான், அதுவும் கொஞ்சமாக. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்துவிட்டுக் கொடுங்கள்.

இங்கே சூப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பார்கள். கறியையும் வீணாக்குவதில்லை, தட்டில் எடுத்துவைத்து சோயா சாஸ் தொட்டுச் சாப்பிடுவார்கள். பாலாவுக்கு இது பிடிக்கும்.

பாலா, சிரம்பான்

கறியைச் சாப்பிடுகிறார்கள் என்றால் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் மூலிகையால் என்ன நடக்கிறது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா? கோழி சூப்பைப் பற்றி நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையை 2000-ல் வெளியிட்டார்கள். வெள்ளை அணுக்களில் ஒரு வகை நகர்வதை அந்தச் சூப் குறைத்தது என்று கண்டார்கள். அது ஆய்வுக்கூடத்துக் குழாயில், மனிதரிடம் இல்லை. அதில் சீன மூலிகையும் இல்லை, சாதாரணக் காய்கறி போட்ட கோழி சூப்தான்.

செல்வம், குவாங்சோ

நியாயமான கேள்வி. சூப் நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லவே மாட்டேன். குணமானவரைச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவருகிற வேலை அதனுடையது. இங்கே நிதானமான சீன வைத்தியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உடம்பு ரொம்பத் தளர்ந்திருக்கும்போது சத்தைத் தூக்கிக் கொடுத்தால் உடம்பு அதை ஏற்காது, வயிறு உப்பும், வாய்ப்புண் வரும், தூக்கம் கெடும் என்று எச்சரிப்பதும் அவர்கள்தான். பாக் கேய் அதிகமானால் நெஞ்சு அடைத்த மாதிரி, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், நானே உணர்ந்திருக்கிறேன்.

ராமு, கிள்ளான்

கோழிக்குப் போவதற்கு முன் விரால் மீனை யாரும் சொல்லவில்லையே! அறுவை சிகிச்சை, பிரசவம் என்றால் பசாரில் சீனர்களும் மலாய்க்காரர்களும் நம்மவர்களும் நிற்பது ஒரே தொட்டி முன்னால்தான். மலாயில் ஹருவான், கேண்டனீஸில் சாங் யூ, நமக்கு விரால். புண் ஆற்றும் என்று மூன்று சமூகமும் நம்புகிற ஒரே மீன் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் செய்கிற முறை: மீனைச் சுத்தம் செய்து ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கொஞ்சம் எண்ணெயில் இஞ்சி போட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். வாணலி சூடாக இருக்கும்போதே கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பெருந்தீயிலேயே இருபது நிமிடம். சூப் பால் மாதிரி வெளுத்துவிடும்.

செல்வம், குவாங்சோ

அண்ணே, அருமை. ஷுன்தேக்காரர்கள் மீன் சூப்பும் இதே மாதிரிதான். வெளுப்பது கொழுப்பு நுண்ணிய துளியாக உடைந்து தண்ணீரில் கலப்பதால், அதற்குத்தான் பொரிப்பதும் பெருந்தீயும். கோழி சூப்புக்கு இளந்தீ, மீனுக்குப் பெருந்தீ, மாற்றிச் செய்தால் இரண்டும் கெட்டுவிடும். முள்ளுக்குப் பயந்தால் துணிப்பையில் கட்டிப் போடலாம், அல்லது நன்றாக வடிகட்ட வேண்டும்.

ஆனால் வாணி வீட்டுக்காரருக்கு வெளுத்த மீன் சூப் முதல் நாளே கனம். கொழுப்பு வயிற்றில் நிற்கும். பொரிக்காமல், மெல்லிய சீவலாகக் கஞ்சியில் கடைசி இரண்டு நிமிடம் போட்டு எடுப்பது இப்போதைக்குச் சரி.

பரிமளா, சென்னை

நாங்கள் சைவம். அப்பாவுக்கு நிமோனியா வந்து தேறிவருகிறார். கோழியும் மீனும் இல்லாமல் இதில் ஏதாவது செய்ய முடியுமா? அங்கே கோயில்களில் சைவச் சமையல் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

செல்வம், குவாங்சோ

தாராளமாக, பரிமளா. பௌத்த மடங்களில் காய்ச்சுவது போல, தாமரைக்கிழங்கு, நிலக்கடலை, காய்ந்த ஷிட்டாகே காளான், சிவப்புப் பேரீச்சை, ஒரு கேரட். தாமரைக்கிழங்கு கிடைக்காவிட்டால் சோளக்கதிரைத் துண்டு போட்டுச் சேருங்கள், தண்டோடு கொதித்தால் நல்ல இனிப்பு இறங்கும். கடலையை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். காளான் ஊறிய தண்ணீரை வடிகட்டிச் சூப்பிலேயே ஊற்றுங்கள், சுவை முழுக்க அதில்தான். குறைந்த தீயில் ஒன்றரை மணி நேரம். இறக்குவதற்குச் சற்று முன் டோஃபு போட்டால் அப்பாவுக்குப் புரதமும் ஆச்சு. சென்னையில் வாய் சான் தேடி அலைய வேண்டாம், சேனையோ கருணையோ அதற்கு மாற்றும் இல்லை. விட்டுவிடுங்கள்.

இருமலும் சளியும் இன்னும் இருந்தால் தோங் சம், பாக் கேய் எதுவும் சேர்க்காதீர்கள்.

பரிமளா, சென்னை

மிக்க நன்றி. சளி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அப்போ வெறும் காய் சூப்தான். குக்கரில் வைக்கலாமா? அவ்வளவு நேரம் கேஸ் எரிப்பது கட்டுப்படியாகாது.

செல்வம், குவாங்சோ

குக்கரில் அரை மணி நேரம் போதும். சுவை கொஞ்சம் தட்டையாக இருக்கும், அவ்வளவுதான். கேண்டனீஸ்காரர்கள் கொதிக்கவிடுவது மூன்று மணி, ஆவியில் வைப்பது நாலு மணி என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். இப்போது இங்கேயே பலர் அதை ஒன்றரை, இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். நேரம் கூடக் கூடக் கொழுப்பும் பியூரினும் அதிகமாக இறங்கும், மலர் சொன்ன காரணம்தான்.

இன்னொரு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டு, இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி அதற்குள் கிண்ணத்தை இறக்கி வையுங்கள். இங்கே ஒரே ஆளுக்குச் சூப் வைப்பது இப்படித்தான். கொதி அலைக்கழிக்காது, ஆவியும் வெளியே போகாது, சாறு கண்ணாடி மாதிரி நிற்கும்.

ராமு, கிள்ளான்

தோங் குவாயை எல்லாரும் திட்டுகிறீர்கள். ஆட்டுக்கறியோடு அதைப் போட்டுக் குடித்தால் குளிர்காலத்தில் உடம்பே சூடாகும் என்று கேமரன் மலையில் ஒரு சீனப் பெரியவர் சொன்னார்.

செல்வம், குவாங்சோ

திட்டவில்லை அண்ணே, ஆளும் நேரமும் பொருந்த வேண்டும் என்கிறேன். நீங்கள் சொல்கிற சூப் கிழக்கு ஹான் காலத்து வைத்தியர் சாங் சுங்-சிங் எழுதிவைத்தது. மூன்றே பொருள்: தோங் குவாய் 3 லியாங், பச்சை இஞ்சி 5 லியாங், ஆட்டுக்கறி ஒரு ஜின் (லியாங், ஜின் இரண்டும் பழைய சீன எடைகள்). எட்டுப் பங்குத் தண்ணீரை மூன்று பங்காகச் சுண்டவைத்து, ஒரு நாளில் மூன்று வேளை. பிள்ளை பெற்றவளுக்கு வரும் வயிற்று வலிக்கும், குளிரால் வரும் வலிக்கும் சொன்னது. மூலிகையைவிட இஞ்சி அதிகம் என்பதைப் பாருங்கள். நம் ஆட்டுக்கால் சூப்பில் மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போடுவதற்கு இது ரொம்பத் தூரமில்லை. ஆனால் காய்ச்சலில் காய்ந்து எழுந்த உடம்புக்கு அந்தச் சூடு தாங்காது.

நல்ல தோங் குவாய் கான்சு மாநிலத்து மின் மாவட்டத்திலிருந்து வரும். கோஜி என்றால் நிங்சியாவின் சுங்நிங். இங்கே சிங்பிங் மூலிகைச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவித்திருப்பார்கள். வாங்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: வாய் சான் சுண்ணாம்பு மாதிரி பளீரென்று வெள்ளையாக இருந்தாலோ, கோஜி சாயம் போட்டது மாதிரிச் சிவந்திருந்தாலோ, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த நெடி வந்தாலோ கந்தகப் புகை போட்டதாக இருக்கலாம். கொஞ்சம் மங்கலாக இருப்பதையே எடுங்கள்.

வாணி, ஈப்போ

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தோங் குவாயைத் தனியாக எடுத்துவைத்துவிட்டேன். கஞ்சியில்தான் தொடங்கினேன். முதலில் இரண்டு வாய், பிறகு அரைக் கிண்ணம். அவரே "கொஞ்சம் மீன் போடேன்" என்று கேட்டார். மறுபரிசோதனையில் தட்டுகள் நல்ல அளவுக்கு வந்துவிட்டன, கறி சாப்பிடலாம் என்று மருத்துவரும் சொன்னார். அதற்குப் பிறகுதான் கோழி வாங்கினேன்.

கழுவும்போது வந்த அழுக்கைப் பார்த்து மலைத்துவிட்டேன். சூப் வெளிர்த் தேநீர் நிறத்தில் தெளிவாக வந்தது, லேசான இனிப்பு. ஆண்ட்டி ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டினார், உப்பு மட்டும் இன்னும் குறைக்கச் சொன்னார். ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் தொடைக்கறியையும் சாப்பிட்டார்.

இரண்டு சந்தேகம். மீந்த மூலிகையை இன்னொரு தடவை காய்ச்சலாமா? தினமும் கொடுக்கலாமா?

செல்வம், குவாங்சோ

ரொம்ப சந்தோஷம், வாணி. இரண்டு மணி நேரம் காய்ச்சிய மூலிகையில் மறுபடி எடுக்க ஒன்றுமில்லை. வாய் சான், பேரீச்சை, கோஜி மூன்றையும் அப்படியே சாப்பிடலாம். தோங் சமும் மெல்லலாம், இனிப்பாக இருக்கும். பாக் கேய் வெறும் நார், எறிந்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் மூலிகை வேண்டாம். மற்ற நாளில் அதே கோழி சூப்பை இஞ்சி, கேரட், வாய் சான் மட்டும் போட்டு வையுங்கள்.

தாதி மலர்

மீந்த சூப்பை அடுப்பிலேயே விடாதீர்கள், நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போகட்டும். மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, தேவையான அளவு மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். அப்புறம், எடுத்துவைத்த தோங் குவாயை நீங்கள் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால், கர்ப்பமாக இல்லை என்று உறுதியான பிறகு மட்டும்.